கார்டு இல்லாதவர்களின் கவுன்ட்டர்

காசு வாங்கும் இடத்தில் உட்கார்ந்தால் மூஞ்சியைப் பார்க்காதே, கையைப் பார் என்று என் சித்தப்பா சொன்னார். இல்லை, கையைப் பார்க்காதே, மூஞ்சியைப் பார் என்று சொன்னாரா? உத்திரமேரூர்–காஞ்சிபுரம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். நான் கப்பல் வேலைக்குக் கிளம்பிய அன்று படியில் தொங்கிக்கொண்டே சொன்னது. இன்ஜின் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. திரும்பக் கேட்பதற்குள் விசில் ஊதிவிட்டார்.

சொகுசுக் கப்பலில் எதற்கும் ரொக்கம் வாங்கமாட்டார்கள். அதனாலேயே ரொக்கம் வாங்குவதற்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான். கப்பலில் ஏறியதும் ஆளுக்கொரு ரூம் கார்டு தருவார்கள். கதவைத் திறப்பதும் அதுதான், செலவுக்கு நீட்டுவதும் அதுதான். சாப்பாடும் படுக்கையும் டிக்கெட்டிலேயே அடக்கம். டீ, ஜூஸ், கேக், போட்டோ, மதுபானம் எல்லாம் கார்டில் ஏறும். கிரெடிட் கார்டு உள்ளவர்கள் அதை ரூம் கார்டோடு இணைத்துவிட்டு நீச்சல் குளத்துக்குப் போய்விடுவார்கள். இல்லாதவர்கள் என்னிடம் வந்து ரொக்கமாக முன்பணம் கட்ட வேண்டும். தீர்ந்துபோனால் கார்டு செல்லாது. மீந்தால் கடைசி நாள் காலையில் திருப்பித் தருவோம். வங்கி, ரேஷன் கடை, மின்சார ஆபீஸ் என்று ஏதோ ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளும் என் சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

எங்கெங்கோ கடல்களில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கடைசி இரண்டு வருஷம் சென்னையிலிருந்து கிளம்பும் கப்பல் வாய்த்தது. அப்போதுதான் நம் பக்கத்து ஜனங்கள் எதிரே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். பிறகு வேலையை விட்டுவிட்டு உத்திரமேரூருக்கே வந்துவிட்டேன். அவர்களையெல்லாம் இப்போது நினைக்கவைத்தவர் மாகறல் தேவகி.

தேவகி நடவு வேலைக்கு ஆள் கூட்டிப் போகிறவர். அவரும் அவர் கூட்டிப்போகும் பெண்களுமாகப் பதினெட்டுப் பேர், கூலியில் எடுத்துவைத்து, கப்பல் டூருக்கு டிக்கெட்டும் வாங்கிவிட்டார்கள். போன வாரம் டூர் ஏஜென்ட் பெருமாள் குண்டைத் தூக்கிப் போட்டார்: இந்தக் கப்பலில் ரொக்கமாக முன்பணம் கட்டும் முறையையே எடுத்துவிட்டார்களாம், கிரெடிட் கார்டு இல்லாமல் ஏற்றமாட்டார்களாம். வேண்டுமானால் யாராவது ஒருவர் தன் கார்டை மொத்தப் பேருக்கும் சேர்த்துக் கொடுக்கலாம். தேவகி நேரே என் வீட்டுக்கு வந்தார். “இன்னாண்ணா இது? எங்கையில ஆதார் கார்டு கீது, ரேஷன் கார்டு கீது, நூறு நாள் வேல கார்டு கூட கீது. இத்தினி வெச்சிக்கினு கீறவள கார்டு இல்லாதவன்றானே.”

பிறகு என் கார்டைக் கேட்டார். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றேன். ரொக்க முன்பணத்துக்கு ஒரு தாழ்ப்பாள் உண்டு, தீர்ந்ததும் தானே நின்றுவிடும். கிரெடிட் கார்டு அப்படி நிற்காது. அடுத்த மாதம் என் மகளின் காலேஜ் ஃபீஸை அந்தக் கார்டில்தான் கட்டியாக வேண்டும். கொடுப்பதா, வேண்டாமா? எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கவுன்ட்டரில் கற்றதுதான். எதிரே வந்து நின்றவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன்.

தெரிந்த ஆள்

திருப்புலிவனத்தில் நிலபுலம் உள்ள பெரியவர் ஒருவர். பணத்தை எடுப்பதற்கு முன்னால் என்னை விசாரித்தார். பேர் என்ன, எந்த ஊர், உத்திரமேரூரில் எந்தத் தெரு, அப்பா யார். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னேன். அப்பாவை அவருக்குத் தெரிந்திருந்தது. நெல் மண்டியில் பார்த்துப் பழக்கமாம். நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் பணத்தை மறுபடி பனியன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

என் பக்கத்து நாற்காலியில் மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண். அவள் முன்னால் போய் நின்று மொத்தத்தையும் எண்ணி வைத்தார். அவளுக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, இரண்டு பேருக்கும் அது ஒரு குறையாகவே படவில்லை. என்னங்க, என் மேல் சந்தேகமா என்று கேட்டேன். “சந்தேகம் இன்னா நைனா. தெரிஞ்ச ஆளாண்ட குடுத்தா மீந்தத திருப்பிக் கேக்க கூச்சமா இருக்கும். இந்தப் பொண்ணுன்னா கறாரா கேட்டு வாங்கிடுவேன்.”

ஒரு முனை என் கையில்

டீ கவுன்ட்டரிலிருந்து ஒரு பணியாள் என்னைக் கூப்பிட்டான். ஒரு அம்மா கார்டைக் கொடுக்கிறார், ஆனால் விடமாட்டேன் என்கிறார். போய்ப் பார்த்தால் கார்டின் ஒரு முனை அவர் கையில், மறு முனை அவன் கையில். அப்படியே மெஷினில் தேய்க்கச் சொல்கிறார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர். பயப்பட வேண்டாம், கொடுங்கள் என்றேன். என்னைப் பார்த்த பார்வையில், இந்தக் கப்பல் கம்பெனிக்கே புத்தி சொல்ல ஆள் இல்லையா என்ற கவலை தெரிந்தது. “காசும் இதுலதான் கீது, வூட்டு சாவியும் இதுலதான் கீது. ரெண்டத்தையும் ஒண்ணாக் கட்டி எவனாவது வெளியாளாண்ட குடுப்பானாப்பா?”

மாப்பிள்ளை கணக்கு

வந்தவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. செங்கல்பட்டு பக்கத்து மாமனார் ஒருவர் மகள், மருமகனோடு வந்தார். மூன்று பேருக்கும் சேர்த்து அவரே முன்பணம் கட்டினார். மூன்றாம் நாள் காலையில் மகள் ஆசைப்பட்ட ஒரு அலங்காரப் பொம்மையை வாங்கப் போனால் கார்டு செல்லவில்லை. என்னிடம் வந்தார். பில்லை எடுத்துப் பார்த்தேன். முதல் நாள் சாயங்காலத்திலிருந்து மாப்பிள்ளை பாரில் குடியிருந்திருக்கிறார். அவர் மட்டும் குடித்ததாகவும் தெரியவில்லை. அக்கம்பக்கத்து நாற்காலிகளுக்கும் தாராளமாக வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

மாமனார் மடியிலிருந்து மறுபடி பணம் எடுத்துக் கட்டினார், பொம்மைக்கு. பில்லை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். குடித்ததை ஐஸ்கிரீம் என்று போட முடியுமா? முடியாதுங்க, மெஷின் போடுவதுதான் என்றேன். அந்தக் காகிதத்தை எட்டாக மடித்து என் கையிலேயே திணித்தார். “அப்ப பில்லே வோணாம். காசு போனாப் போவுது, எம்பொண்ணு கண்ணுல இது பட வோணாம்.”

தேவகி கேட்ட நாளிலிருந்து எனக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது இந்த மாப்பிள்ளைதான்.

மொய்

ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கும் பையன், புது மனைவியோடு வந்திருந்தான். இரண்டாம் நாள் சாப்பாட்டு ஹாலில் அவளுக்குப் பிறந்தநாள் என்று கேக் சொன்னான். கேக் வந்தது, மெழுகுவர்த்தியும் ஏற்றியாயிற்று. பரிமாறியவன் கார்டைத் தேய்த்தான். மெஷின் ‘கீச்’சென்றது. மறுபடி தேய்த்தான், மறுபடி ‘கீச்’. முன்பணம் தீர்ந்திருந்தது. அந்தச் சத்தம் சின்னதுதான், ஆனால் சுற்றியிருக்கும் ஆறு மேசைகள் திரும்பிப் பார்க்கும்படி எவனோ செய்துவைத்திருக்கிறான். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பையன் கேக்கை எடுத்துப்போகச் சொன்னான். மெழுகுவர்த்தி எரிந்தபடியே அது சமையலறைக்குத் திரும்பிப் போனது. அப்போது நான் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். எத்தனையோ பேருக்குக் கார்டு செல்லாது என்று சொன்னவன்தான். செல்லாமல் போவதைப் பக்கத்தில் நின்று பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில் கவுன்ட்டரைத் திறந்ததும் உத்திரமேரூர் ரைஸ்மில் கன்னியப்பன் முதல் ஆளாக நின்றார். பின்னால் நாலைந்து பேர். அந்தப் பையனின் ரூம் நம்பரைச் சொல்லி, அதில் ஐந்நூறு எழுதிக்கொள்ளச் சொன்னார். உங்களுக்கு அவர்கள் சொந்தமா என்றேன். “யாரோ எவரோ. கல்யாணமாயி பத்து நாளாம். பக்கத்துல குந்தி சாப்ட்டோம், மொய் வெக்காம எப்டி எந்திரிக்கிறது?” என்றார். பின்னால் நின்றவர்களும் ஆளாளுக்கு ஊர் பேர் சொல்லி எழுதவைத்தார்கள். மரிசெல்லுக்கு விளக்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. இரண்டு பாஷையில் படித்தும் அன்றைக்கு ஒன்றும் உதவவில்லை.

எல்லாம் முடிந்தும் கன்னியப்பன் நகரவில்லை. இன்னும் என்னங்க என்றேன். “எழுதுனா ஆயிடுச்சா? பேர மைக்குல படிக்க மாட்டீங்களா?”

ஒரே ஒரு போட்டோ

களியாம்பூண்டியிலிருந்து கோயில் டூர் போகும் பெண்கள் ஒருமுறை கப்பலுக்கு வந்தார்கள். வேனில் போகும்போது பொதுப்பணத்தை ஒருத்தர் மடியில் கட்டிக்கொள்வது அவர்கள் வழக்கம். கப்பலிலும் அதையே செய்தார்கள். அத்தனை பேர் பணமும் தலைவி சரோஜா பேரில். மற்றவர்கள் கார்டு கதவு திறக்க மட்டும். எதை வாங்குவதானாலும் சரோஜாவிடம் கேட்க வேண்டும். சரோஜாவோ எதைக் கேட்டாலும் “அது கரையில பாதி வெல” என்பார். மூன்று நாளும் ஒரு ஜூஸ்கூட இறங்கவில்லை.

கடைசி நாள் காலை பணத்தைத் திருப்பி வாங்க மொத்தக் கூட்டமும் கவுன்ட்டருக்கு வந்தது. ஒரே ஒரு செலவு இருந்தது: போட்டோ. கப்பல் போட்டோக்காரன் எடுத்து விற்பது, விலை கொஞ்சம் ஜாஸ்தி. நான் சொன்னதும் அத்தனை பேரும் சரோஜா பக்கம் திரும்பினார்கள். “எங்க வாயக் கட்டிட்டு நீ மட்டும் தனியா போஸ் குடுத்தியா?” என்றாள் ஒருத்தி. “நேத்து தலைவாரிப் பவுடர் போட்டப்பவே நெனச்சேன்” என்றாள் இன்னொருத்தி. சரோஜா கொஞ்சமும் அசையாமல் பையிலிருந்து போட்டோவை எடுத்து என் மேசை மேல் வைத்தார். அதில் சரோஜா இல்லை. மேல்தளத்துச் சாய்வு நாற்காலிகளில் வரிசையாக மற்ற எல்லாரும், வெயிலில், வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறார்கள். மரிசெல் சிரித்த சிரிப்பில் பக்கத்து வரிசை நின்றுபோனது. சரோஜா போட்டோவைப் பத்திரமாக உள்ளே வைத்துக்கொண்டார். “இது ஒண்ணு போதும். ஊருக்குப் போயி எவளாவது எங்கிட்ட எதுத்துப் பேசட்டும், பஸ் ஸ்டாண்டுல ஒட்டிடறேன்.”

வெள்ளிக்கிழமை

தேவகி சொன்னபடி வந்துவிட்டார். கையில் மஞ்சள் பை. ஆளுக்கு ஐந்நூறு, செலவுக்கு என்று முன்கூட்டியே கொண்டுவந்திருந்தார். மீந்தால் திருப்பிக் கொடு, அவ்வளவுதான் என்றார்.

என் மனைவி மாலதிக்கு என்னைவிடக் கணக்கு வரும். “தேவகி, தப்பா எடுத்துக்காத. ஐந்நூறுக்கு மேல ஆச்சுன்னா? பதினெட்டு பேரு, ஆளுக்கு ஒரு ஆசை. இவரு தெரிஞ்ச ஆளு வேற, வாயத் தொறந்து கேக்கக்கூட மாட்டாரு. அந்தக் கார்டுலதான் எங்க பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்.”

தேவகி கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சொம்பைக் கீழே வைத்தார். “நல்லாக் கேட்டக்கா. கயினில எறங்கினா ஒருத்தி வேகமா நடுவா, ஒருத்தி இடுப்பு வலின்னு நின்னு நின்னு நடுவா. எவ எவ்ளோ நட்டான்னு நாங்க பாக்கறதில்ல, சாயங்காலம் கூலிய சமமாப் பிரிச்சிக்கிறோம். அதுல இத்தினி வருசம் சண்ட வந்ததில்ல. ஒருத்தி நாலு டீ கூடக் குடிச்சா, மீதி பதினேழு பேரு ரெண்டு நாத்து சேத்து நட்டுட்டுப் போறோம்.”

மாலதி மஞ்சள் பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தாள். பிறகு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, “இத்தனை வருஷம் வாங்குற பக்கம் உக்காந்தீங்க. இன்னிக்கி குடுக்குற பக்கம். யோசிச்சிக்குங்க” என்றாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பெருமாள் கடைக்குப் போனேன். அவர் பதினெட்டுப் பேரின் டிக்கெட்டையும் கம்ப்யூட்டரில் எடுத்துவைத்துக்கொண்டு, “சார், ஒரு நல்ல விஷயம். ஒரு ஆளுக்கு இவ்ளோதான்னு வரம்பு வெச்சிடலாமாம். அதுக்கு மேல போனா கார்டு செல்லாது, மெஷின் ‘கீச்’சுன்னு நின்னுடும். எவ்ளோன்னு போட?” என்றார்.

வாழ்நாள் பூராவும் மற்றவர்களிடம் காசு வாங்கிய கை, தன் பர்ஸைத் திறக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதை, சக பாவிகளே, நீங்களும் ஒருநாள் தெரிந்துகொள்வீர்கள்.

கார்டை மேசை மேல் வைத்தேன். வரம்பு போட வேண்டாம் என்று சொன்னேன்.