வெள்ளவத்தையில் ஒரே விலாசத்தில் மூன்று பிள்ளைகள்

விழித்திரையில் கட்டி வரும் குழந்தைகள் நாட்டில் எத்தனை பேர், எந்தெந்த ஊரில் என்று பதிவேடு தயாரிப்பது என் வேலை. அரிய நோய். அப்படியிருக்க, வெள்ளவத்தையில் ஒரே விலாசத்தில் மூன்று பிள்ளைகள் என்று கணினி காட்டியது. அந்தப் பகுதித் தண்ணீரைச் சோதிப்போமா என்றுகூட அலுவலகத்தில் கதை எழும்பியது. எனக்கு நம்பிக்கையில்லை. போன செவ்வாய்க்கிழமை நேரில் பார்க்கக் கிளம்பினேன். வேறு மாவட்டங்களில் இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

காலை 8.40க்குத் தெஹிவளையில் பஸ். மூன்று கிலோமீற்றர்கூட இல்லை, இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. காலி வீதியோடு கோபித்து என்ன பயன்? விலாசம் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

கதவைத் திறந்த புஷ்பா அக்கா, வெளியூரிலிருந்து கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். மூன்று பெயர்களையும் சொன்னதும் சிரித்தார்.

“ஓம், மூண்டு பேரும் இஞ்ச தங்கினவைதான். கொழும்பு விலாசம் குடுத்தா கெதியா நாள் தருவினம் எண்டு எல்லாரும் இதைத்தான் குடுக்கிறவை. என்னட்டை ஒருத்தரும் கேக்கிறேல்லை.”

ஒரு பிள்ளை வவுனியா, ஒன்று மூதூர், மற்றது மன்னார். தண்ணீர்க் கதை அத்தோடு முடிந்தது. நான் திரும்பும்போது அக்கா ஒரு கடித உறையைக் கொண்டுவந்தார்.

“இது மன்னார்ப் பிள்ளையின்ரை தாய் ஸ்டெல்லாவுக்கு வந்தது. அவ ஃபோன் நம்பரை மாத்திப்போட்டா. இப்ப கொட்டாஞ்சேனையிலை தமக்கையோட இருக்கிறா எண்டு கேள்வி.”

உறை கண் கிளினிக்குடையது. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்கு இந்த நோய் வந்த வீட்டில் அடுத்தது பிறந்தால், முதல் மாதத்திலேயே கண்ணைப் பார்க்கக் கூப்பிடுவார்கள். தபால் முத்திரை ஐந்து மாதம் பழையது. உறையை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

10.50க்கு புறக்கோட்டை பஸ், ஐம்பது நிமிடம். அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு த்ரீவீலுக்கு நானூறு ரூபாய். வீட்டு நம்பர் தெரியாது, மன்னாரிலிருந்து வந்தவர்கள் என்று மட்டும் தெரியும் என்றேன்.

“மன்னார் ஆக்களா மிஸ்? சேர்ச்சுக்குப் பின்னாலதான் இருக்காங்க, ஏறுங்க” என்றார் டிரைவர்.

இரண்டு வீடு தட்டியதும் ஸ்டெல்லாவைக் கண்டுபிடித்தேன். மடியில் ஆறு மாத ஆண் குழந்தை. கடிதத்தை நின்றபடியே வாசித்தார்.

“கடிதம் வரேல்லை எண்டா ஒண்டுமில்லையாக்கும் எண்டு இருந்திட்டன் அக்கா.”

“நாளைக்கே போங்கோ. இந்தக் கடிதத்தைக் காட்டினாக் காணும்.”

ஸ்டெல்லா குழந்தையின் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கண்ணுக்குள் வெள்ளையாக ஏதும் மின்னுகிறதா என்று பார்த்தார். நான் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் வெறுமனே விலாசத்தைக் கேட்காதீர்கள். கிளினிக்குக்கென்று எந்த ஊரிலிருந்து புறப்பட்டீர்கள், கடிதம் போட்டால் யார் கைக்கு வரும் என்று கேளுங்கள். சொந்த ஊரைச் சொன்னாலும் அதே நாள்தான் கிடைக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொட்டாஞ்சேனைக்கு மத்தியானத்துக்கு முன் போனால் துறைமுக லொறிகளுக்குள் மாட்டாமல் திரும்பலாம்.

வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா ஃபோன் எடுத்தார். இடது கண்ணில் சின்னதாக ஒன்று. பார்வையைக் காப்பாற்றலாம் என்று டொக்டர் சொன்னாராம். பதிவேட்டில் ஓர் எண்ணைக் கூட்டினேன். எண் கூடியதற்காக நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.