உப்பளத்தோரம் நின்ற வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடப் போயிருந்தோம். டேங்க் மூடியைத் திறந்தபோது ‘புஸ்’ என்று ஒரு சின்னச் சத்தம். தூக்கத்தில் யாரோ பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெட்ரோல் விலையைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிற ஆளை மகள் அன்றுதான் முதலில் பார்த்திருப்பாள். அந்தச் சத்தத்தை ஒரு காலத்தில் நான் தினமும் கேட்டேன், கேட்டும் விளங்கிக்கொள்ளாததால் அவள் அம்மாவின் வேலையே போக இருந்தது என்று வரிசையில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? உங்களுக்குச் சொல்கிறேன்.

எங்களுக்குக் கல்யாணமான வருடம். மாதம் ஆவணி என்பாள் பிலோமினா. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை நான் வண்டியின் செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருந்தேன், கூழ் வாங்கி வந்த பாத்திரத்திலும் மண்ணெண்ணெய் வாடை ஏறிவிட்டது. ஆகவே ஆடிதான். தேதி விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மரக்காணத்தில் உப்பு லாரிகளை எடை போடும் இடத்தில் எனக்கு வேலை. கல்யாணத்துக்கு முன்பே பாண்டிச்சேரிப் பதிவு எண் கொண்ட பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை வாங்கியிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டி அலுத்த வண்டி. எங்கள் கடற்கரையில் இரும்பு வைத்திருப்பவன் நிம்மதியாகத் தூங்க முடியாது. உப்புக் காற்று ஒரே மழைக்காலத்தில் சைலன்சரைச் சல்லடை ஆக்கிவிடும். தேய்க்கிற காகிதத்துக்கு உப்புத்தாள் என்று பெயர் வைத்தவர் எங்கள் ஊர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். அதனால் ராத்திரியில் வண்டியை வாசற்படியில் பலகை போட்டு ஏற்றி வீட்டுக்குள்தான் நிறுத்துவேன். எங்களுக்கு இருந்ததோ ஒரே அறை. முதல் நாள் உள்ளே வந்த பிலோமினா, விளக்கெண்ணெய் தடவிப் பழைய புடவை போர்த்தி நின்ற வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

“இதுக்குப் பாய் எங்க போடுவீங்க?”

அவள் கிண்டலைப் பொருட்படுத்தாமல் என் வைத்தியத்தைத் தொடர்ந்தேன். நூலகத்தில் என்ஜின்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தேன். வண்டி ஓட எரிபொருள், தீப்பொறி, காற்று மூன்றும் வேண்டும் என்று அதில் இருந்தது. காற்று என்றதும் எனக்கு வெளியே அடிக்கிற உப்புக் காற்றின் நினைவுதான் வந்தது. அதற்கு நுழைய இடம் கொடுக்கக்கூடாது என்று, கண்ணில் பட்ட இடுக்கு, திருகு, துளை எல்லாவற்றிலும் கிரீஸை அப்பினேன். இன்றும் சொல்வேன், அந்த வண்டியில் துரு என்று ஒரு புள்ளி கிடையாது.

அப்போதுதான் அவளுக்கு இடையஞ்சாவடியில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை கிடைத்தது. கூலி வேலைக்குப் போகும் தாய்மார்கள் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு ஓடுவார்கள். கதவைத் திறக்க வேண்டியவள் இவள். முதல் மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் போய்ப் பெரிய முதலியார்சாவடியில் இறங்கி, குயிலாப்பாளையம் வழியாக உள்ளே போய்ச் சேர எட்டரை ஆகிவிடும். நான் இருக்கிறேன், வண்டி இருக்கிறது என்று மார்தட்டிக்கொண்டேன்.

வண்டி வீட்டு வாசலில் முதல் உதையிலேயே கிளம்பும். ஏழெட்டுக் கிலோமீட்டர் போனதும் சாலையோர உப்பளத்துக்குப் பக்கத்தில் இருமி நின்றுவிடும். நான் இறங்கி ப்ளக்கைக் கழற்றுவேன். உப்புத்தாளால் தேய்த்து, ஊதி, திரும்பப் பூட்டுவேன். கடைசியாக டேங்க் மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டி, பெட்ரோல் தளும்புகிறதா என்று பார்த்துவிட்டு உதைப்பேன். கிளம்பிவிடும். ப்ளக்தான் கோளாறு என்று புது ப்ளக் வாங்கினேன். அப்போதும் வண்டி நின்றது. கார்புரேட்டரை ஞாயிறுதோறும் பிரித்துச் சமையலறை ஜன்னலில் காயவைத்தேன். அதற்கும் பலன் இல்லை.

உப்பளத்தில் கூடை சுமக்கும் அஞ்சலைக்கு நாங்கள் நல்ல பொழுதுபோக்கு. வரப்பிலிருந்தபடியே குரல் கொடுப்பாள்.

“இன்னா சார், இன்னிக்கும் படுத்துகிச்சா? யம்மா, நீ இங்க வந்து கூடையத் தூக்கு. கூலியாவது வரும்.”

பிலோமினா சிரித்துக்கொண்டே வரப்புக்குப் போய்விடுவாள். இல்லாவிட்டால் என் பக்கத்தில் குந்திக்கொண்டு, ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தபடி பேசிக்கொண்டிருப்பாள். காப்பகத்தில் அழுகிற பிள்ளை யார், அழுவதுபோல நடிக்கிற பிள்ளை யார் என்பதெல்லாம் எனக்கு அங்கேதான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் ஓட்டப்பந்தயத்தில் ஓடியதும், அவள் அப்பா குடித்த நாட்களும், என் அம்மாவைப் பார்த்தால் அவளுக்குப் பயம் என்பதும் அப்படித்தான் தெரியவந்தது. ஒரே அறையில் படுத்திருந்தும் வீட்டில் இதையெல்லாம் அவள் சொன்னதில்லை.

ஒரு சனிக்கிழமை மாலை அவள் வாடிய முகத்தோடு வந்தாள். கதவு திறக்காமல் தாய்மார்கள் வாசலில் காத்து நின்றதில் ஒருத்திக்கு அன்றைய கூலி போய்விட்டதாம். பொறுப்பாளர் அம்மா கோபப்படவில்லை. இன்னொரு தடவை நேரமானால் வேறு ஆளை வைத்துக்கொள்வதாக மட்டும் அமைதியாகச் சொல்லியிருக்கிறார். மறுநாள் பூராவும் நான் என்ஜினோடு கிடந்தேன்.

திங்கட்கிழமை அதே உப்பளத்தருகே வண்டி நின்றது. நான் ஸ்பேனரை எடுத்தேன். பிலோமினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ப்ளக்க விடுங்க. மூடியத் தொறங்க.”

“பெட்ரோல் இருக்குது பிலோ. நேத்துதான் போட்டேன்.”

“பெட்ரோலப் பத்தி நான் கேக்கல. நீங்க இன்னா பண்ணாலும் கடைசில அதத் தொறந்தப்புறம்தான் கெளம்புது. தினம் பாக்கறேன். மொதல்லயே தொறங்க.”

திறந்தேன். ‘புஸ்’ என்றது. உதைத்தேன். கிளம்பிவிட்டது.

“இறுக்கி மூடாதீங்க,” என்றாள். மூடியைத் தளர்வாக வைத்து, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு போனோம். பெட்ரோல் தளும்பி என் சட்டையெல்லாம் வாடை. வழியில் வண்டி ஓர் இடத்திலும் இருமவில்லை. இடையஞ்சாவடியில் அவள் இறங்கும்போது எட்டு ஆகவில்லை, ஒரு பிள்ளைகூட வந்து சேரவில்லை. நேரே போய்க் கதவைத் திறந்தாள்.

சாயந்திரம் மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போவதற்கென்று நடுவில் ஒரு துளை வைத்திருக்கிறார்கள். காற்று போகாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அந்தத் துளையை நான் கிரீஸ் வைத்து அடைத்திருந்தேன். வண்டிக்கு மூச்சுவிடக்கூட வழியில்லாமல் காப்பாற்றியிருக்கிறேன். பிலோமினா வளையலிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். குத்தியதும் கிரீஸ் ஒரு கறுப்புப் புழுவாக நெளிந்து வந்தது. அன்று சமைக்கும்போதும் சிரித்தாள், சாப்பிடும்போதும் சிரித்தாள்.

வேலை நிரந்தரமானது. பிறகு அந்தக் காப்பகத்துக்கே அவள் பொறுப்பாளரானாள். ஓய்வு பெறும்வரை ஒரு நாள்கூட நேரம் தவறியதில்லை. வண்டியும் அதன் பிறகு உப்பளத்தருகே நின்றதில்லை. காற்று காதில் இரைய நாங்கள் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவோம். தோளில் அவள் ஒருமுறை தட்டினால் மெதுவாகப் போகவேண்டும், இருமுறை தட்டினால் லாரி வருகிறது, அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வருடமே அவள் தனக்கென்று ஒரு மொபெட் வாங்கிக்கொண்டாள். அஞ்சலை மகளோடு சென்னைப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். என் வண்டிக்கு உதிரிபாகம் கிடைப்பது நின்றுபோய், அதைப் பிரித்து விற்றேன். வீட்டுக்குள் வண்டி நிறுத்துவாரும் இப்போது இல்லை. வெளியே நின்று துருப்பிடித்தால் மாற்றிக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு திருமணத்துக்காக நானும் பிலோமினாவும் காரில் பாண்டிச்சேரிக்குப் போனோம். அந்த உப்பளம் வந்ததும் ஓரமாக நிறுத்தினேன். பாத்திகள் வெயிலில் பளபளத்தன. தூரத்தில் இரண்டு பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னா ஆச்சு வண்டிக்கு?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல.”

“அப்ப எடுங்க. லேட்டாவுது.”