கட்டிலின் ஜன்னல் பக்கம்

மேல் டன்க்லியில் இருப்பவரைக் கீழ் டன்க்லிக்காரர் என்று யாராவது சொல்லிவிட்டால் ஆர்லீன் ஹோஸ்டெட்டருக்குப் பொறுக்காது.

சொல்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மேல் டன்க்லி பள்ளத்தில் இருக்கிறது, கீழ் டன்க்லி மேட்டில் இருக்கிறது. பெயர் வைத்த புண்ணியவான் எந்தப் பக்கம் பார்த்து நின்றாரோ. போதாக்குறைக்கு மேல் டன்க்லியின் நட்டநடுவில், உளுந்து வடைக்கு ஓட்டை போல, ஹார்ட்ஸ்பர்க் என்று ஒரு தனி ஊர். தபால் நிலையம் அங்கே இருப்பதால் மூன்று ஊர்க்காரர்களுக்கும் விலாசம் ஹார்ட்ஸ்பர்க்தான். பென்சில்வேனியாவின் இந்த மூலைக்கு வீடு வாங்கி வருபவர்களில் பாதிப் பேருக்கு, தாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது குப்பை வண்டி வராமல் போகும்போதுதான் தெரியும்.

அவர்களுக்கு விவரம் சொல்லத்தான் ஆர்லீன் இருந்தாள். வயிற்றுப்பாட்டுக்குப் பள்ளிக்கூடச் சமையலறை வேலை. மனசுக்கு, ஊர் வரவேற்பாளர் என்ற சம்பளமில்லாத பதவி. சாமான் லாரி ஒன்று தெருவில் நின்றுவிட்டால் போதும், மறுநாள் ஆப்பிள் கேக்கோடு வாசலில் நிற்பாள். கேக்கைக் கையில் கொடுத்ததும் எல்லையை ஆரம்பிப்பாள்.

"ஓடைக்கு இந்தப் பக்கம் நாம. அந்தப் பக்கம் அவங்க. அவங்க பனி அள்ளுற அழகை ஜனவரியில நீங்களே பார்ப்பீங்க."

இந்த அக்டோபரில் ஊருக்கு இருநூறு வயது. விழா ஊர்வலத்தில் தீயணைப்பு வண்டியின் முன்னால் உட்கார்ந்து மிட்டாய் வீசிக்கொண்டு போக ஆர்லீனைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இருபது வருஷமாக அந்த இடத்தைப் பார்த்து ஏங்கியவள். நீலக் கோட்டு ஒன்று வாங்கி, கண்ணாடி முன் நின்று கையசைத்துப் பழகினாள்.

"யாருக்கு டாட்டா காட்டுற?" என்றான் கணவன் வெர்னன்.

"ஜனங்களுக்கு."

"ஜனங்களா? நாய்களையும் சேர்த்தா வேணும்னா அப்படிச் சொல்லலாம்."

வெர்னனுக்கு ஊர்ப்பற்று கிடையாது. மரக்கடையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவனுக்கு ஏதாவது பற்று இருந்ததென்றால் அது கட்டிலில் தன் பக்கத்தின் மீதுதான்.

விழாவை ஒட்டிப் புது எல்லைக்கற்கள் நடத் தீர்மானித்தார்கள். நிலம் அளக்க வந்த பெண் தன் முக்காலிக் கருவியை ஹோஸ்டெட்டர் வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்த்தாள், பூச்செடிக்குள் வைத்துப் பார்த்தாள், பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டுப் படுக்கையறைக்குள் வரலாமா என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். எல்லை என்பது பழைய ஓடை. எப்போதோ ஒரு வெள்ளத்தில் ஓடை தள்ளிப் போய்விட்டது, கோடு போகவில்லை. பழைய தடத்தை மூடி யாரோ கட்டிய வீட்டில்தான் இவர்கள் குடியிருந்தார்கள்.

"அதான் கீழ்த்தளம் எப்பவும் ஈரமா இருக்கு," என்றான் வெர்னன், வாழ்நாள் சந்தேகம் தீர்ந்த திருப்தியோடு.

அந்தப் பெண் சிவப்பு நாடாவைச் சுவரிலிருந்து சுவருக்கு இழுத்துக் கட்டினாள். நாடா கட்டிலுக்கு மேலே, இரண்டு தலையணைகளுக்கும் நடுவில் போயிற்று. கதவுப் பக்கம் மேல் டன்க்லி, ஜன்னல் பக்கம் கீழ் டன்க்லி. கல்யாணமான நாளிலிருந்து ஆர்லீன் படுப்பது ஜன்னல் பக்கம்.

ஊர் மன்றத் தலைவர் டேல் ரைன்ஹார்ட் வந்து நாடாவைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"வீட்டுக்குள்ள கோடு போனா, படுக்கிற இடம்தான் ஊருன்னு இங்க வழக்கம். ஊர்வலத்துல நம்ம ஊர்க்காரங்கதான் உட்காரணும். நான் என்ன பண்ணட்டும், ஆர்லீன்?"

"அப்ப இத்தனை வருஷமா நான் போட்ட ஓட்டு?"

"அதை யாரும் கேட்கல. நீங்களும் கேட்காதீங்க."

"வெர்னன் மட்டும் இந்த ஊரா? இவனுக்கு ஊர் பேரே ஒழுங்காத் தெரியாது."

"ஹார்ட்ஸ்பர்க்தானே?" என்றான் வெர்னன்.

டேல் போனதும் ஆர்லீன் விஷயத்துக்கு வந்தாள். ஆளுக்கு ஆள் பக்கம் மாறிக்கொண்டால் தீர்ந்தது.

"முடியாது," என்றான் வெர்னன். "மெத்தையில என் பள்ளம் இந்தப் பக்கம் இருக்கு."

"மெத்தையைத் திருப்பிப் போட்டா பள்ளமும் வந்துட்டுப் போகுது."

"குளியலறையும் கூட வருமா?"

கட்டிலை நகர்த்தலாமென்றால் ஒரு பக்கம் அலமாரி, மறு பக்கம் சுவர். ஹாலில் சோபா இருந்தது, ஆனால் சொந்த ஊரில் அகதி மாதிரி சோபாவில் கிடக்க அவள் தயாராக இல்லை. ஒரு வாரம் கெஞ்சினாள், ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்தது வெர்னனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதால் மறுபடி கெஞ்சினாள். நீலக் கோட்டு கதவின் பின்னால் தொங்கியது.

சனிக்கிழமை காலை மணி அடித்தது. வாசலில் கீழ் டன்க்லியின் வரவேற்பாளர் கிளெண்டா ஃபிரிட்சிங்கர், கையில் கூடை, கூடையில் ரிப்பன் கட்டிய பூசணிக்காய் கேக்.

"எங்க ஊருக்கு நல்வரவு, ஆர்லீன்."

ஆர்லீன் கதவைப் பாதி சாத்தப் பார்த்தாள்.

"எல்லையைச் சொல்லிடறேன்," என்றாள் கிளெண்டா, வாழ்நாள் முழுக்க இதற்காகவே காத்திருந்தவள் போல. "உன் தலையணைக்கு இந்தப் பக்கம் நாம. அந்தப் பக்கம் அவங்க. எங்க ஆளுங்க பனி அள்ளுற அழகை நீயே பார்க்கப் போற. உன் ஜன்னல் வரைக்கும் அள்ளச் சொல்லட்டுமா?"

"எனக்குக் கேக் வேணாம்."

"எனக்கு வேணும்," என்று வெர்னன் உள்ளேயிருந்து வந்தான், கையில் தட்டோடு. நின்றபடியே ஒரு துண்டு தின்றான். இன்னொன்று தின்றான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

"வெட்கமா இல்லை உனக்கு?" என்றாள் ஆர்லீன். "அவங்க கேக்கைப் போய்!"

"பின்னே யார் கேக்கைத் தின்கிறது? ஊர்ல இருக்கிற அத்தனை பேரும் உன் கேக்கைத் தின்னாச்சு. இந்த வீட்டுல எனக்கு வாசனை மட்டும்தான்."

ஆர்லீன் மறுக்கப் பார்த்தாள். சுட்ட கேக்குகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எல்லாமே வாசலைத் தாண்டிப் போனவை.

வெர்னன் கிளெண்டாவிடம் திரும்பினான். "புதுசா வர்ற எல்லாருக்கும் இது உண்டா?"

"எல்லாருக்கும். கிறிஸ்துமஸுக்கு இன்னொண்ணு."

வெர்னன் தட்டை வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனான். தன் தலையணையை எடுத்து நாடாவுக்கு அடியில் ஜன்னல் பக்கம் தள்ளினான். ஆர்லீனின் தலையணையைக் கதவுப் பக்கம் போட்டான். அவ்வளவுதான். முப்பத்து நான்கு வருஷப் பள்ளத்தைக் கேக்குக்காக விட்டுக்கொடுத்தான்.

கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் கிடைத்த விதத்தை யாரிடமும் சொல்ல முடியாது. ஆர்லீன் அந்தப் பள்ளத்தில் மூன்று இரவு உருண்டு விழுந்தாள். டேல் வந்து தலையணைகளைப் பார்வையிட்டுத் திருப்தியடைந்தார். ஒருவர் வந்தார், ஒருவர் போனார் என்பதால் ஊர் நுழைவுப் பலகையில் மக்கள்தொகையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஊர்வலத்தன்று நீலக் கோட்டு நன்றாகத்தான் இருந்தது. தீயணைப்பு வண்டி கடைத்தெரு முனையில் திரும்பும்போது, மடக்கு நாற்காலி போட்டுக் கிளெண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெர்னனை ஆர்லீன் பார்த்தாள். குழந்தைகளுக்கு மெதுவாக வீசிக்கொண்டிருந்தவள், ஒரு கை நிறைய மிட்டாயை அள்ளிக் குறிபார்த்து அடித்தாள். அவன் தொப்பி பறந்தது.

"வெளியூர்க்காரங்களை அடிக்கிறாங்க," என்றான் வெர்னன், மிட்டாயைப் பொறுக்கிக்கொண்டே.

மறுநாள் அவன் எழுந்து வந்தபோது மேஜையில் ஒரு முழு ஆப்பிள் கேக் இருந்தது. ரிப்பன் எதுவும் இல்லை. அவன் அதைச் சுற்றி வந்து பார்த்தான்.

"எந்தப் புது வீட்டுக்கு?"

"உனக்குத்தான்."

"நான்தான் இந்த ஊரு இல்லையே."

"பேசாம தின்னு," என்றாள் ஆர்லீன், கத்தியை அவன் பக்கம் தள்ளி. "சமையலறை எந்த ஊருன்னு அந்தப் பொண்ணு இன்னும் அளக்கல."