கேசட்டில் பாடிய ஷாமா

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பேய், சகுனம் இதற்கெல்லாம் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சர்க்யூட் போர்டைச் சோதித்துப் பிழைக்கிறவனுக்கு அதற்கு நேரம் ஏது?

எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் இருந்தோம். அப்பா அந்தமானில், போர்ட் பிளேரில்; வனத்துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்தமான் காடுகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஷாமா குருவி ஒன்று உண்டு. அப்பா விசிலடித்தால் அது பதில் பாடும், அதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். பக்கவாதம் வந்து ஐந்து மாதமாக அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கிரீன் கார்டு மனு பாதியில் நின்றதால் நான் போகவும் முடியாது. வேறு வழியில்லாமல் ஒரு கேசட்டில் பேசி அனுப்பினேன்.

டிசம்பர் மாதம், ஞாயிறு காலை, ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மனைவி ஜெசிந்தா பக்கத்திலேயே இருந்தாள். அழுகை வந்து நடுநடுவே பேச்சை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

ஒன்றரை மாதம் கழித்து அம்மாவின் கடிதம். "தம்பி, அங்கயும் நம்ம ஷாமா இருக்கா? கேசட்ல அது பாடுச்சு பாரு, அப்பா வாயக் குவிச்சு விசிலடிச்சாருடா! பக்கத்து வீட்டுக்காரங்கல்லாம் ஓடி வந்துட்டாங்க."

"அத்தை ஏதோ கன்ஃப்யூஸ் ஆயிட்டாங்க, வெளிய எதாவது பறவை கத்தினது ரெக்கார்ட் ஆயிருக்கும்ங்க" என்றாள் ஜெசிந்தா. அப்பா விசிலடித்தாரே, அது போதும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் கார்டு கைக்கு வந்ததும் இருவரும் போர்ட் பிளேருக்கு ஓடினோம். அப்பாவுக்குப் பேச்சு ஒன்றிரண்டு வார்த்தையாகத் திரும்பியிருந்தது. முதல் வேலையாகக் கேசட்டைப் போடச் சொன்னார். நம்பினால் நம்புங்கள், நான் அழுது நிறுத்திய இடத்திலெல்லாம் ஷாமா பாடுகிறது! ஃப்ரீமான்ட்டில், சாத்திய ஜன்னலுக்குள்ளே! அப்பா பதிலுக்கு விசிலடித்தார். நான் என்னையறியாமல் கைகூப்பினேன்.

ஓரிடத்தில் அப்பா அவசரப்பட்டுக் குருவி முடிக்கும் முன்பே விசிலடித்தார். உடனே கேசட்டிலிருந்து ஒரு குரல்: "கொஞ்சம் இருங்கப்பா, அது பாடி முடிக்கட்டும்."

அப்பா சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எப்பவும் இந்த இடத்துல நீ சொன்னாத்தான் கேப்பாரு" என்று அம்மா சிரித்தார்.

பதிவு செய்த அன்று நான் அதைச் சொல்லவே இல்லை. பக்கத்தில் இருந்த ஜெசிந்தாவும் இன்றுவரை சத்தியம் செய்கிறாள். ஆனால் அந்தக் குரல் என்னுடையதுதான்.