பின்வீட்டு மாமாவும் எங்கள் டிரெயினேஜ் கனெக்‌ஷனும்

போன மாதம் டிரெயினேஜ் ஆபீஸில் என்னைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள். நாலு பேரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு சிரித்தார்கள்!

விஷயம் இதுதான். ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் போட்டாகிவிட்டது. இனி வீட்டுக்கு வீடு கனெக்‌ஷன். விண்ணப்பம் எழுத வேண்டும்; கூடவே வீட்டின் பிளான் வைக்க வேண்டும். பிளானை நானே வரைந்தேன் — பிஸிக்ஸில் பட்டம் வாங்கியவன் வீட்டோடு இருக்கும்போது டிராப்ட்ஸ்மேன் எதற்கு? சிவப்பு மை, பச்சை மை, வரிசையாக அம்புக்குறிகள்... சட்டம் போட்டு ஹாலில் மாட்டலாம் போலிருந்தது.

அவசரம் எனக்கில்லை. என் அண்ணாவுக்கு.

மன்னி பம்பாயில் வளர்ந்தவள். பிரசவத்துக்குப் பிறந்தகம் போனாள். பிள்ளை பிறந்து நாலு மாதமாகிவிட்டது. அவள் வரவில்லை, கடிதம்தான் வந்தது. ‘இன்னொரு பெண்பிள்ளை தினமும் வந்து கக்கூஸை வாளியில் அள்ளிக்கொண்டு போகிற வீட்டில் என் குழந்தையை வளர்க்க மாட்டேன். அவளைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டுகிற கக்கூஸ் வந்ததும் தந்தி அடியுங்கள். அடுத்த ரயிலில் ஏறுகிறேன்.’

அவள் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. ஆனால் அண்ணாவுக்கு லீவு கிடைக்காத உத்தியோகம். பெற்ற பிள்ளையை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஆபீஸ் போவான், வருவான்.

ஆகவே நான் களத்தில் இறங்கினேன்.

ஓவர்சியர் மலையாளி. என் பிளானை நேராகப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

“இது ஆரு வரைச்சது?”

“நான்தான் ஸார்.”

“கொள்ளாம்! நல்ல சித்திரம். எந்தா படிச்சது?”

“பிஸிக்ஸ்!”

“பின்னெ எங்ஙனெ தம்பீ, வெள்ளம் மேலோட்டுக் கேறும்?”

தண்ணீர் எப்படி மேட்டில் ஏறும் என்கிறார்! அப்போதுதான் அந்த நாலு பேரும் சிரித்தது.

எங்கள் தெருவில் எல்லா வீடும் வாசலிலிருந்து புழக்கடையை நோக்கிச் சரிவாகக் கட்டியது. ஹாலில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டினால் அது சமையலறையைத் தாண்டிக் கிணற்றடிக்குத்தான் ஓடும். அந்தச் சரிவில் வழுக்கி விழுந்து முட்டி பெயர்த்துக்கொண்டவன் நான். அப்படியிருந்தும் என்ன செய்தேன்? புழக்கடைக் கக்கூஸிலிருந்து பூஜை அறைக்கு அடியாக, வாசல் தெரு வரைக்கும், மேட்டைப் பார்த்து அம்பு போட்டு வைத்திருந்தேன். பச்சை மையில்!

ஓவர்சியர் நல்ல மனுஷர். மறுநாளே முக்காலியில் நிற்கும் லெவல் கருவியோடு வந்துவிட்டார். ஒரு கண்ணை மூடினார், அளவுகோலைப் பிடித்தவனை இப்படி நகர், அப்படி நகர் என்றார். கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

“முன்னால முடியாது. பின்னாலதான் வழி. பின்வீட்டு முற்றம் வழியா அந்தத் தெருக் குழாயில சேர்த்தா வெள்ளம் தானே ஓடும். அவர்கிட்ட ஒரு சம்மதக் கடிதம் வாங்கிட்டு வா. அவரும் அப்ளிகேஷன் போட்டிட்டுண்டு, கேட்டியா? பைப்புக்குத் தட்டுப்பாடு. ஒத்தை வீடுன்னா வரிசையில கிடக்கும். ரெண்டு வீட்டுக்கும் ஒரே லைன்னா இந்த மாசமே எடுக்கலாம்.”

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அண்ணாவுக்கோ முகம் தொங்கிப் போயிற்று.

ஏனென்றால் பின்வீட்டுச் சங்கரநாராயண மாமாவும் அப்பாவும் பேசி ஏழு வருஷம் ஆகிறது. ஒரு காலத்தில் சாயங்காலம் தவறாமல் செஸ் ஆடியவர்கள். ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் அப்பா குதிரையைத் தொட்டார். பிறகு மந்திரியை நகர்த்தினார். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்றார் மாமா. தொடவேயில்லை என்றார் அப்பா. அவ்வளவுதான். ஒரே கோவிலுக்குப் போகிறார்கள், ஒரே பிரகாரத்தைச் சுற்றுகிறார்கள், ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி!

படிவத்தை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன்.

“ஏண்டா, உங்கப்பா அனுப்பிச்சாரா?”

“இல்லே மாமா, ஓவர்சியர் அனுப்பிச்சார்.”

“கையெழுத்துத்தானே? பேஷாப் போடறேன். உங்காத்துக் குழாய் என் முற்றத்திலே போகட்டும், எனக்கொண்ணும் இல்லே. ஆனா உங்கப்பா ஒரே ஒரு வரி எழுதித் தரட்டும். அன்னிக்குக் குதிரையைத் தொட்டேன்னு.”

அப்பாவிடம் வந்து சொன்னேன். கையிலிருந்த பேப்பரைக் கீழே இறக்காமலே பதில் வந்தது.

“வேணும்னா ஆத்தையே எழுதித் தரேன். அதை மட்டும் எழுத மாட்டேன்.”

நீங்களே சொல்லுங்கள். ஒரு குழந்தை தகப்பன் வீட்டுக்கு வருவதற்கு இரண்டு கிழவர்களும் ஒரு மரக் குதிரையும் குறுக்கே நிற்கலாமா?

அண்ணா அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் அப்பா கத்தியிருப்பார், விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். வியாழக்கிழமை பம்பாயிலிருந்து தபாலில் குழந்தையின் போட்டோ வந்தது. அண்ணா அதை அப்பாவின் மூக்குக் கண்ணாடிக் கூட்டின்மேல் வைத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டான்.

மத்தியானம் அப்பா தூங்கவில்லை. மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார்.

“ஒரு காயிதம் கொண்டா. பேனாவும்.”

‘குதிரையைத் தொட்டது உண்மை.’ கீழே கையெழுத்து. தேதிகூடப் போட்டார்.

நான் ஓட்டமாக ஓடினேன். மாமா அதை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். குதிப்பார் என்று பார்த்தால், முகம் வாடிவிட்டது.

“எழுதியே குடுத்துட்டாரா...? ஏழு வருஷமா பாக்கறவா கிட்டெயெல்லாம் இதைத்தானேடா சொல்லிண்டிருந்தேன். இனிமே நான் என்னத்தைச் சொல்றது?”

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். அப்பா எழுதியதையும் சேர்த்து எல்லாக் காகிதத்தையும் என் கையில் திணித்தார். நான் ஒரே ஓட்டத்தில் ஆபீஸ் போய்க் கட்டாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கட்டாக... என்பதைக் கவனித்தீர்களா? திருத்திய பிளான், சம்மதக் கடிதம், அப்பாவின் ஒரு வரி — மூன்றையும் ஒரே குண்டூசியில்!

இரண்டு நாள் கழித்து அப்பாவின் வரியை மட்டும் திருப்பி வாங்கப் போனேன். அதற்குள் குமாஸ்தா ஒழுங்காக எண் போட்டு, ‘இணைப்பு 3’ என்று எழுதி, ஆபீஸ் முத்திரையும் குத்திவிட்டார். ஓவர்சியர் தலையை ஆட்டினார்.

“பைலில் சேர்ந்தாச்சு தம்பீ. இனி எடுக்கணும்னா அதுக்குத் தனி அப்ளிகேஷன்.”

வீட்டில் வந்து சொன்னபோது அப்பா நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார்.

“அடப்பாவி! நான் குதிரையைத் தொட்டது சர்க்கார் ரிக்கார்டாயிடுத்தா!”

ஆயிற்று. ஆனால் அந்த மாதமே பைப்பும் வந்தது.

ஒன்று சொல்லவா? அந்தப் படிவத்தில் எத்தனையோ கேள்விகள். சர்வே நம்பர் என்ன, எத்தனை பேர் வசிக்கிறார்கள், எத்தனை குழாய்... கேட்க வேண்டிய ஒன்றைத்தான் காணோம். ‘விண்ணப்பதாரர் பின்வீட்டுக்காரருடன் பேசுவதுண்டா?’ அதை முதலிலேயே கேட்டால் லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டிய வேலையே பாதி வீட்டுக்கு இராது.

குழாய் புதைத்து மூடுவதற்கு முன்னால் ஒரு சோதனை உண்டு. துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து எங்கள் பக்கம் கொட்ட வேண்டும். அது மாமா வீட்டுக் குழியில் எட்டிப் பார்க்க வேண்டும். ஓவர்சியர் கையைக் காட்டினார். அப்பா வாளியைக் கவிழ்த்தார்.

மாமா பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லை. அண்ணா சைக்கிளைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பாவால் பொறுக்க முடியவில்லை. மதிலைப் பார்த்துக் கத்தினார்.

“வந்துதா, ஓய்?”

“வரலை!” மதிலுக்கு அப்புறம் மாமாவின் குரல். “நன்னாக் கொட்டும்! ஏன் கஞ்சத்தனம் பண்றீர்?”

“முழு வாளியும் கொட்டியாச்சு! உம்ம பக்கம்தான் அடைப்பு!”

“என் பக்கமா? ஏன் சொல்ல மாட்டீர்... இரும், இரும்! வரது! நீலமா வரது, ஓய்!”

அண்ணா தந்தி ஆபீஸுக்குச் சைக்கிளை மிதித்தான்.

மன்னி சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள். வண்டியிலிருந்து இறங்கினாள், குழந்தையை அண்ணா கையில் கொடுத்தாள், நேரே புழக்கடைக்குப் போய்ச் சங்கிலியை இழுத்தாள். ஒரு தடவை. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை.

“யாரது, பட்டப்பகல்லே ரெண்டு தரம் இழுக்கறது?” மாமா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூவினார்.

“நான்தான் மாமா. பம்பாயிலேர்ந்து வந்துட்டேன்.”

“வந்துட்டியாம்மா! கொழந்தை யார் ஜாடை?”

“எங்கப்பா ஜாடைன்னு சொல்றா.”

“அப்பாடா! உன் மாமனார் மூக்கு வந்துடப் போறதேன்னு பயந்துண்டிருந்தேன்.”

அப்பாவின் காதில் அது விழுந்துவிட்டது. அன்று ராத்திரியே, இனிமேல் அந்த மனுஷனோடு பேச்சே கிடையாது என்று அறிவித்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் குழாய் அடைத்துக்கொண்டது. எட்டு ஐந்துக்கெல்லாம் மதிலோரத்தில் நின்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.