பி.எஸ்ஸி. சைக்காலஜியும் என் வெட்கமும்

தென்னூரில் மனநல டாக்டரின் கிளினிக்கில் நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. எதிர் பெஞ்சில் எங்கள் பள்ளி மாணவி தர்ஷினியின் அப்பா நடராஜன் கையில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். நர்ஸ் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். வேறு வழியில்லாமல் தலையைக் குனிந்தபடி உள்ளே போனேன். வெளியே வந்தபோது அவர் டாக்டரைப் பார்க்காமலேயே போய்விட்டிருந்தார்.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் காமர்ஸ் ஆசிரியர். பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைகளுக்கு என்ன படிக்கலாம், எங்கே சேரலாம் என்று ஆலோசனை சொல்வதும் பல வருடங்களாக என் பொறுப்புதான். இந்தப் பொறுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வகுப்புக்குள் கால் வைத்தாலே நெஞ்சு படபடக்கத் தொடங்கியிருந்தது. இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று சொன்ன டாக்டர்தான் என்னைத் தென்னூருக்கு அனுப்பினார். வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். சக ஆசிரியர்களிடம் கழுத்து வலிக்குப் பிசியோதெரபி போகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன். மனநோயும் காய்ச்சல் மாதிரி ஒரு நோய்தான், மறைக்க வேண்டியதே இல்லை என்று காலை பிரேயரில் மைக் பிடித்துப் பேசுகிறவனும் நான்தான். பேசி முடித்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அப்போதெல்லாம் எனக்குக் கூசும்.

ரிசல்ட் வந்த மறுநாள் தர்ஷினி என்னைத் தேடி லைப்ரரிக்கு வந்தாள். பி.எஸ்ஸி. சைக்காலஜி படிக்க வேண்டும் என்றாள். காமர்ஸ் குரூப் எடுத்தவர்களைச் சேர்ப்பார்களா என்பது அவள் சந்தேகம். பல கல்லூரிகளில் எந்த குரூப்பாக இருந்தாலும் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆனால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர் வரும், பயப்படக் கூடாது என்றேன். ஏன் இந்தப் படிப்பு என்று எல்லோரிடமும் கேட்பதை அவளிடமும் கேட்டேன். சினிமா பார்த்து ஆசை வந்தது என்பவர்கள்தான் அதிகம். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“அப்பா பி.பி. மாத்திரைன்னு சொல்லி ஒண்ணு சாப்பிடுறாங்க சார். கவர்ல இருந்த பேர நெட்ல போட்டுப் பாத்தேன். அது பி.பி.க்கு இல்ல. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவங்களுக்குத் தாங்காது. சொல்லிடாதீங்க.”

சொல்ல மாட்டேன் என்றேன். விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவை அழைத்து வரச் சொன்னேன்.

நடராஜனுக்கு மலைக்கோட்டைப் பக்கம் பாத்திரக்கடை. கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். மகளை முன்னால் போகச் சொல்லிவிட்டு வராண்டாவில் என்னை நிறுத்தினார்.

“போன வாரம் நீங்க என்னைப் பாக்கல. நானும் உங்களப் பாக்கல. அப்படியே இருக்கட்டுங்க சார்.”

எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. சரிங்க என்றேன்.

லைப்ரரியில் உட்கார்ந்ததும் அவர் முடிவைச் சொன்னார். பெண் பி.காம். படிக்கட்டும், கடையின் ஜி.எஸ்.டி. வேலையைப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்களே காமர்ஸ் வாத்தியார், நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள் என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, “பைத்தியம் பிடிச்சவங்களோட மாரடிக்கிற படிப்பு பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க? நாளைக்கு மாப்பிள்ள வீட்ல கேட்டா என்ன சொல்றது?” என்றார்.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். வாதத்துக்கு என்னிடம் நிறைய இருந்தது. வேலை வாய்ப்பு, மேற்படிப்பு, பெண்கள் பலர் படிக்கிறார்கள் என்பது எல்லாம். எதுவும் அவருக்கு உறைக்காது என்று தெரிந்தது. உறைக்கக்கூடியது அவருடைய ரகசியமும் மகளுடைய ரகசியமும்தான். இரண்டையும் நான் தொடக் கூடாது. மிச்சம் இருந்தது என்னுடையது. பக்கத்து மேஜையில் லைப்ரேரியன் வேறு இருந்தார். காது சூடேறியது. ஆனாலும் சொன்னேன்.

“நடராஜன் சார், நானும் மனநல டாக்டர்கிட்டதான் போயிட்டு வரேன். தினமும் மாத்திரை சாப்பிடுறேன். சாப்பிட்டுட்டுத்தான் உங்க பொண்ணுக்குப் பாடம் எடுக்குறேன்.”

லைப்ரேரியனின் பேனா நின்றது. தர்ஷினியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. நடராஜன் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“மாத்திரை போட்டா உங்களுக்கு வாய் வறண்டு போகுதாங்க சார்?”

“ஆரம்பத்துல இருந்துச்சு. இப்ப பரவால்லைங்க.”

“எனக்கு இன்னும் வறண்டு போகுது.”

தர்ஷினி தன் வாட்டர் பாட்டிலைத் திறந்து அப்பா பக்கம் நகர்த்தினாள். அவர் வாங்கிக் குடித்தார். குடித்து முடிக்கும்வரை மகளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உருப்படியாகப் பேசினோம். இந்த மூன்று வருடப் படிப்பை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் சிகிச்சை தர முடியாது, எம்.எஸ்ஸி., அதன்மேல் பயிற்சி, உரிமம் என்று நீண்ட வழி இருக்கிறது என்பதை மறைக்காமல் சொன்னேன். விளம்பரத்தை நம்பாதீர்கள், டிபார்ட்மென்ட்டை நேரில் போய்ப் பாருங்கள், சைக்காலஜி படித்தவர்கள்தான் பாடம் எடுக்கிறார்களா, லேப் புழக்கத்தில் இருக்கிறதா, இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள் என்றேன். அப்பாவும் மகளும் இரண்டு கல்லூரிகளுக்குப் போனார்கள். ஒன்றில் லேப் பூட்டிக் கிடந்ததாம், சாவி யாரிடம் என்றே தெரியவில்லையாம். மற்றதில் தர்ஷினி சேர்ந்தாள். இப்போது இரண்டாம் வருடம். நடராஜன் கிளினிக்குக்குத் தவறாமல் வருகிறார், சில நாள் அவளோடு.

நான் சொன்னது ஒரு வாரத்துக்குள் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டது. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. ஹெச்.எம். கூப்பிட்டு, பீரியட்டைக் குறைத்துக்கொள்கிறீர்களா என்று நோயாளியிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார். வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு வந்து, காலி வகுப்பு ஒன்றில் மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வெட்கம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. இந்த வருடமும் சைக்காலஜி கேட்டு வந்த மூன்று பெற்றோரிடம் நானும் மாத்திரை சாப்பிடுகிறவன்தான் என்று சொன்னேன். மூன்று முறையும் காது சூடேறியது. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: வெட்கப்பட்டுக்கொண்டேயும் சொல்லலாம். வெட்கம் போகட்டும் என்று நாம் காத்திருந்தால் அதற்குள் அட்மிஷன் முடிந்துவிடும்.