பத்தரைக்கு முன் மாற்றிய எண்

குழந்தைக்காக விட்ட வேலையை நான்கு வருடம் கழித்து மறுபடி தேட ஆரம்பித்தபோது, எனக்கு வந்த முதல் ஆன்லைன் தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு இருந்தது. ஒரு மணி நேரத் தேர்வு. பதினைந்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் உள்ளே விடமாட்டார்கள். மொபைலில் எழுத முடியாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

முந்தின நாள் இதை அம்மாவிடம் போனில் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணியா? ராகு காலம் ஆச்சேடி."

"நேரம் அவங்க குடுக்கறதும்மா. மாத்த முடியாது."

"யாரு மாத்தச் சொன்னா? பத்தரைக்கு முன்னாடியே உக்காந்து ஏதாவது ஆரம்பிச்சு வெச்சுடு. அப்பறம் அது பாட்டுக்கு நடக்கும்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் பதில் தெரியாது. கேட்காமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் உண்டு.

மறுநாள் காலை ஏழு மணிக்கே என் கணவர் கம்பெனி பஸ்ஸில் ஹைதராபாத்தின் மறுகோடியில் இருக்கும் ராமச்சந்திராபுரம் போய்விட்டார். அவர் வேலை பார்க்கும் இடத்தில் போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் வரை அவரைப் பிடிக்க முடியாது. மகளுக்குச் சளி என்பதால் பள்ளிக்கு அனுப்பவில்லை. மாரெட்பள்ளி வீட்டின் ஹாலில் அவளைக் கிரேயானோடு உட்காரவைத்துவிட்டு, பத்து மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

ஆனால் ஆரம்பிப்பதற்கு என்ன இருக்கிறது? தேர்வுப் பக்கம் பதினோரு மணிக்குத்தான் திறக்கும். மெயிலை இன்னொரு முறை படித்தேன். பிறகு சிபியூ மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். முன்பு நெட் அடிக்கடி போய்க்கொண்டிருந்த காலத்தில் என் கணவர் எழுதி ஒட்டியது. கறுப்பு ஜன்னலைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று அடிக்க வேண்டும். கம்ப்யூட்டரின் எண் இன்னதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கீழே உள்ள நீள வரியை அப்படியே அடிக்க வேண்டும்.

சரி, இதையே ஆரம்பமாக வைத்துக்கொள்ளலாம் என்று அடித்துப் பார்த்தேன். திரையில் வந்த எண் வேறு, சீட்டில் இருந்த எண் வேறு. நெட் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது, அப்போதுதான் மெயில் படித்திருந்தேன். இருந்தாலும் தேர்வின் நடுவில் நின்றுவிட்டால்? நீள வரியை எழுத்துக்கூட்டி அடித்தேன். எண் சீட்டில் இருந்தபடி மாறியது. மணி பத்து இருபது. ராகு காலத்துக்கு முன்பே ஒரு வேலை முடிந்த நிம்மதியில் மகளுக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன்.

பத்தே முக்காலுக்கு வந்து பார்த்தால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை.

வயரைப் பிடுங்கிச் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். சீட்டின் கடைசி வரியில் இருந்தபடி 'பிங்' அடித்தேன். போய்ச் சேர முடியவில்லை என்று நான்கு முறை பதில் வந்தது. நீள வரியில் ஏதோ எழுத்தைத் தப்பாக அடித்திருப்பேன் என்று அதையே மறுபடி அடித்தேன். அதற்குப் பிறகும் ஒரு முறை. புள்ளிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்.

பதினொன்றாக ஐந்து நிமிடம் இருக்கும்போது நெட் இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் போட்டேன்.

"லைன் ஏக்தம் ஓகே ஹை மேடம். கம்ப்யூட்டர் மே குச் சேஞ்ச் கரே க்யா?" லைன் சரியாகத்தான் இருக்கிறது, கம்ப்யூட்டரில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார்.

"நை பையா, குச் நை கியா," ஒன்றும் செய்யவில்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மாற்றுவதும் சரிசெய்வதும் வேறு வேறு என்று நினைத்தேனோ என்னவோ.

நெட் வரும் ரூட்டர் டப்பாவை அணைத்து, ஐந்து நிமிடம் விட்டுப் போடச் சொன்னார். செய்தேன். பதினொன்று ஐந்து. எதுவும் நடக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அவர் மறுபடி அதையே கேட்டார், நான் மறுபடி இல்லை என்றேன். தரையிலிருந்து என் மகள் தலையைத் தூக்கினாள்.

"அம்மா, நுவ்வே டைப் சேசாவ் கதா!" நீதானே டைப் செய்தாய் என்கிறாள். நான் தமிழில் பேசினால் தெலுங்கில்தான் பதில் சொல்வாள்.

போனில் அவருக்கும் கேட்டுவிட்டது. சிரித்தார். "பேபி சச் போல்ரி மேடம். க்யா டைப் கரே, போலோ." குழந்தை உண்மையைச் சொல்கிறாள், என்ன அடித்தீர்கள் சொல்லுங்கள் என்றார்.

சீட்டில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்.

"அரே மேடம்! ஓ தோ புரானா டப்பா கா நம்பர். பிச்லே ஹஃப்தே மை நயா டப்பா லகாயா நா?"

சீட்டில் இருந்தது பழைய டப்பாவின் எண்ணாம். ஆமாம், போன வாரம்தான் அவர் வந்து புது டப்பா மாட்டினார். நான் பக்கத்திலேயே நின்று டீ கொடுத்தேன். டப்பா மாறினால் எண்ணும் மாறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நிலையான எண்ணே வேண்டாம், டப்பாவே கொடுத்துக்கொள்ளும் என்று அதற்கான வரியைச் சொல்ல ஆரம்பித்தார். கடைசிச் சொல்லுக்கு வந்தபோது, "டி ஃபார் டெல்லி, ஹெச் ஃபார் ஹைதராபாத், சி ஃபார் சாய், பி ஃபார் பானி" என்றார். அவசரத்தில் சி இரண்டு முறை விழுந்து, முழு வரியையும் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது.

பதினொன்று பதின்மூன்றுக்கு உள்ளே போனேன். கடைசி ஆறு கேள்விகளைத் தொடக்கூட நேரம் இல்லை.

"நல்லா ஓடிட்டிருந்ததை ஏன் தொட்டே?" என்றார் என் கணவர் சாயங்காலம். உங்கள் சீட்டுதான் என்றேன். "அது நெட் வரலைன்னாத்தானே பாக்கணும்?" அதுவும் சரிதான்.

அம்மா சொன்னது வேறு. "பாத்தியா, முன்னாடியே ஆரம்பிச்சதால உள்ள போகவாவது முடிஞ்சுது."

இரண்டு வாரம் கழித்து, தேர்வாகவில்லை என்று மெயில் வந்தது. அந்தப் பதின்மூன்று நிமிடம்தான் காரணம் என்று உறுதியாகத் தெரிந்தால் நன்றாக இருக்கும். நான்கு வருட இடைவெளியாகவும் இருக்கலாம்.

இப்போது வேறொரு கம்பெனியிலிருந்து தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரை மணி. காலண்டரைப் பார்த்தேன். அதுவும் ராகு காலம்தான். சிபியூ மேல் இருந்த சீட்டைக் கிழித்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.